6 டாலர் கட்டியவருக்கு 210 ஏன் வரவில்லை? கிரேஹவுண்ட் ரேஸின் 'எக்ஸாட்டிக்' கணக்கு

மெல்போர்னில் ஐடி வேலையில் இருக்கும் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். கூடவே ஒரு கேள்வி. "மச்சி, டிவிடெண்ட் 210 டாலர்னு போட்டிருக்கான். என் அக்கவுண்ட்ல 52.50தான் ஏறியிருக்கு. ஏமாத்திட்டானுங்களா?"

அவன் போனது ஆபீஸ் பக்கத்து பப்புக்கு. அங்கே டிவியில் கிரேஹவுண்ட் நாய்கள் ஓடிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு ரேஸ், ஒரு ரேஸுக்கு 30 விநாடி. கையில் போன் இருந்தால் போதும், நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே பணம் கட்டலாம். சிவப்பு, வெள்ளை, நீலம், பிங்க் சட்டை போட்ட நான்கு நாய்களை எடுத்து, 'பாக்ஸ் டிரைஃபெக்டா' என்று ஒன்றைத் தட்டி, 6 டாலர் கட்டியிருக்கிறான். அந்த நான்கில் மூன்று நாய்கள்தான் முதல் மூன்று இடத்திலும் வந்தன. அப்புறம் ஏன் கால்வாசிப் பணம்?

யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அவன் என்ன வாங்கினான் என்பது அவனுக்கே தெரியவில்லை. இந்த வகைப் பந்தயங்களின் மொத்த பலமும் அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பெயர்கள்

ஒரு நாய் முதலில் வரும் என்று கட்டினால் 'வின்'. முதல் இரண்டு, மூன்று இடங்களுக்குள் வந்தால் போதும் என்றால் 'பிளேஸ்'. இது சாதாரண வகை. ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களை இணைத்துக் கட்டுவதைத்தான் 'எக்ஸாட்டிக்' என்கிறார்கள்.

முதல் இரண்டு இடத்தில் வரும் ஜோடியைச் சொன்னால் போதும், வரிசை முக்கியமில்லை என்றால் குயினெல்லா. (ஸ்பானிஷ் சொல்லில் இருந்து வந்த பெயர்.) வரிசையோடு சொன்னால் எக்ஸாக்டா. முதல் மூன்றை வரிசையோடு சொன்னால் டிரைஃபெக்டா. நான்கு என்றால் ஆஸ்திரேலியாவில் ஃபர்ஸ்ட் ஃபோர், அமெரிக்காவில் சூப்பர்ஃபெக்டா. பிரிட்டனில் எக்ஸாக்டாவுக்கு ஃபோர்காஸ்ட் என்றும் டிரைஃபெக்டாவுக்கு ட்ரைகாஸ்ட் என்றும் பெயர். நம்ம ஊர் குதிரைப் பந்தயத்தில் இதே டிரைஃபெக்டா 'டானாலா' ஆகிவிடுகிறது. பெயர் பலவிதம், சரக்கு ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவில் பொதுவாக ஒரு ரேஸுக்கு 8 நாய்கள், பிரிட்டனில் 6. எட்டு நாய் ஓடினால் குயினெல்லாவுக்கு 28 ஜோடிகள், எக்ஸாக்டாவுக்கு 56 வரிசைகள். டிரைஃபெக்டாவுக்கு 336. ஃபர்ஸ்ட் ஃபோருக்கு 1,680. ஒரு நாய் கூடும்போதெல்லாம் எண்ணிக்கை எகிறுவதைக் கவனியுங்கள். நம் மூளை இந்த எகிறலை உணர்வதில்லை. 'மூணு நாய்தானே, கண்டுபிடிச்சிடலாம்' என்றுதான் தோன்றும்.

இப்போது 'பாக்ஸ்'. (நாய்கள் கிளம்பும் கூண்டுக்கும் ஆஸ்திரேலியாவில் பாக்ஸ் என்றுதான் பெயர். புதிதாக வருபவர்கள் குழம்பும் முதல் இடம் இது.) பந்தயத்தில் பாக்ஸ் என்றால், தேர்ந்தெடுத்த நாய்கள் எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று எல்லா வரிசைகளையும் சேர்த்து வாங்குவது. மூன்று நாய் என்றால் 6 டிக்கெட். நான்கு என்றால் 24. ஐந்து என்றால் 60. ஆப்பில் ஒரே ஒரு பட்டன்தான் தெரியும், அதன் பின்னால் 24 தனித்தனி டிக்கெட்டுகள் இருக்கின்றன. அதில் அதிகபட்சம் ஒன்றுதான் ஜெயிக்க முடியும். மற்ற 23 டிக்கெட் தோற்பது பணம் கட்டும்போதே உறுதி.

நண்பனின் 24 டிக்கெட்டுக்கு ஒரு டாலர் வீதம் 24 டாலர் ஆகியிருக்கும். அவன் கட்டியது 6. அதாவது ஒவ்வொரு டிக்கெட்டிலும் கால் பங்கு. இதற்கு 'ஃப்ளெக்சி' என்று பெயர். 25 சதவீதம் கட்டினால் 25 சதவீத டிவிடெண்ட். 210-ல் கால்வாசி, 52.50. ஸ்க்ரீன்ஷாட்டிலேயே ஓரமாக '25%' என்று இருந்தது. அவன் அதை தள்ளுபடி என்று நினைத்திருக்கிறான்!

பாக்ஸில் எனக்கு இன்னொரு குறை உண்டு. அவனுக்கு உண்மையில் நம்பிக்கை இருந்தது சிவப்புச் சட்டை நாயின் மேல் மட்டும்தான். ஆனால் சிவப்பு முதலில் வரும் ஒவ்வொரு வரிசைக்கும் எவ்வளவு கட்டினானோ, அதே காசைத்தான் சிவப்பு மூன்றாவது வரும் வரிசைக்கும், வராமலே போகும் வரிசைக்கும் கட்டினான். சிவப்பை முதலிடத்தில் நிறுத்திவிட்டு மற்ற மூன்றை இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு விட்டிருந்தால் 6 டிக்கெட்தான். அதே 6 டாலரில் முழு டிவிடெண்ட். இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். அன்று சிவப்பு வந்தது இரண்டாவதாக. "உன் பேச்சைக் கேட்டிருந்தா அதுவும் போயிருக்கும்டா." சரிதான், என்னிடம் பதில் இல்லை.

எதிரில் இருப்பது யார்?

கேஸினோவில் விளையாடினால் எதிராளி கேஸினோ. இங்கே பெரும்பாலும் அப்படியில்லை. எல்லோரும் கட்டும் பணம் ஒரு பொதுக் குடத்தில் விழுகிறது. நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். 1860-களில் பாரிஸில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் ஜோசப் ஓல்லர். பின்னாளில் மூலின் ரூஜ் கேளிக்கை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இவர்தான். கணக்கை மெஷினிடம் ஒப்படைத்தவர் ஜார்ஜ் ஜூலியஸ் என்ற இன்ஜினீயர். அவருடைய டோட்டலைசேட்டர் 1913-ல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி குதிரைப் பந்தய மைதானத்தில் முதலில் ஓடியது. 'டோட்' என்ற சுருக்கப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

நடத்துபவர் எடுக்கும் பங்கை நாம் 'பிடித்தம்' என்று வைத்துக்கொள்வோம், சம்பளத்தில் டிடிஎஸ் மாதிரி. ஒரு வித்தியாசம்: டிடிஎஸ் பே-ஸ்லிப்பில் தெரியும். இது டிக்கெட்டில் தெரியாது. 'வின்' பந்தயத்தில் இந்தப் பிடித்தம் சுமார் 15 சதவீதம். எக்ஸாக்டாவில் கூடுகிறது. டிரைஃபெக்டா, ஃபர்ஸ்ட் ஃபோரில் பல இடங்களில் 20 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பந்தயம் எவ்வளவு சிக்கலோ, பிடித்தமும் அவ்வளவு.

ஒரு உதாரணம். ஒரு நாய் ஜெயிக்க 40 சதவீத வாய்ப்பு, இன்னொன்றுக்கு 20, மூன்றாவதற்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் இதே வரிசையில் வர எவ்வளவு வாய்ப்பு? டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் 1973-ல் ஒரு எளிய வழி சொன்னார். முதல் நாய் ஜெயித்துவிட்டது என்று வைத்து அதை ஓரமாகத் தள்ளுங்கள். மீதி 60-ல் இரண்டாவது நாயின் பங்கு 20, அதாவது மூன்றில் ஒன்று. அதையும் தள்ளினால், மீதி 40-ல் மூன்றாவதின் பங்கு 15. எல்லாவற்றையும் பெருக்கினால் 5 சதவீதம். 20 தடவைக்கு ஒரு தடவை.

ஆக, நியாயமான டிவிடெண்ட் ஒரு டாலருக்கு 20 டாலர். பிடித்தம் 20 சதவீதம் போனால் கிடைப்பது 16. அதே நாய்க்கு 'வின்' மட்டும் கட்டியிருந்தால் நியாயம் 2.50, கையில் வருவது 2.10 சொச்சம். 16 என்ற எண்ணைப் பார்க்கும்போது யாருக்கும் 4 டாலர் காணாமல் போனது தெரியாது. 2.10-ஐப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று உறுத்தும். பெரிய எண்ணுக்குள் பெரிய பிடித்தத்தை ஒளிப்பது சுலபம், தந்திரம் அவ்வளவுதான்.

நண்பனின் அன்றைய கணக்கை முழுசாகக் கேட்டேன். ஜெயித்தது ஒரு ரேஸ். ஆடியது 11 ரேஸ், ஒவ்வொன்றிலும் 6 டாலர். மொத்தம் 66. வந்தது 52.50. அவன் 'ஜெயிச்ச' நாளில் 13.50 நஷ்டம். அதுவும் பெரும்பாலான நாளைவிட நல்ல நாள்.

கிடைத்ததை மறுபடி கட்டினால் இன்னும் மோசம். 100 டாலரோடு ஆரம்பித்து, திரும்பி வருவதை அப்படியே அடுத்த ரேஸில் போட்டால், 20 சதவீதப் பிடித்தத்தில் ஐந்து ரேஸ் முடிவில் சராசரியாக மிஞ்சுவது 33 டாலர்கூட இல்லை. குதிரை ரேஸில் அடுத்தது வர அரை மணி நேரம் ஆகும், மனசு ஆறும். இங்கே ஐந்து ரேஸ் என்பது ஒரு பீர் தீரும் நேரம்.

டேகன்ஹாமில் நடந்தது

டிவிடெண்ட் என்ற எண் எதைச் சொல்கிறது? நாயின் திறமையை என்று நினைப்போம். அது சொல்வது மற்றவர்கள் என்ன டிக்கெட் வாங்கினார்கள் என்பதை மட்டும்தான். இதற்கு நடந்த கதையே உண்டு.

1964 ஜூன் 30. லண்டனுக்குக் கிழக்கே டேகன்ஹாம் கிரேஹவுண்ட் மைதானம். ஒரு குறிப்பிட்ட ரேஸுக்கு டோட் கவுண்டர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் ஒரே கும்பல். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத ஜோடிகளுக்கு ஃபோர்காஸ்ட் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். வேறு யாரும் கவுண்டரை நெருங்க முடியவில்லை. ரேஸ் முடிந்தபோது ஜெயித்த ஜோடிக்கு மைதானத்தில் விற்றிருந்தது ஒரே ஒரு டிக்கெட். மொத்தக் குடமும் அந்த ஒற்றை டிக்கெட்டுக்கு. இரண்டு ஷில்லிங்குக்கு 987 பவுண்ட் 11 ஷில்லிங் 9 பென்ஸ்!

கும்பல் சம்பாதிக்க நினைத்தது அந்த டிக்கெட்டில் இல்லை. நாட்டின் பல இடங்களில் இருந்த பெட்டிங் கடைகளில் அவர்களுடைய ஆட்கள் சரியான ஜோடிகளுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார்கள். அந்தக் கடைகள் மைதானத்து டோட் டிவிடெண்டைத்தான் கொடுக்க வேண்டும். நாய்களை யாரும் தொடவில்லை. ஊசி போடவில்லை, பிஸ்கட்டில் எதையும் கலக்கவில்லை. டிக்கெட் வாங்குபவர்களை மட்டும் மாற்றினார்கள். கடைக்காரர்கள் பணம் தர மறுத்தார்கள். பந்தயக் கடனைக் கோர்ட்டில் வசூலிக்க அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தில் வழி இல்லை.

இதைச் சாமர்த்தியக் கதையாக ரசிக்கலாம், நானும் ரசித்தேன். ஆனால் இன்றைக்கும் சின்ன ஊர் மைதானத்தில் ஒரு சாதாரண ரேஸின் டிரைஃபெக்டா குடம் சின்னதுதான். அதில் நீங்கள் கொஞ்சம் பெரிய தொகையைப் போட்டால், உங்கள் பணமே உங்கள் டிவிடெண்டைக் கீழே இழுக்கும். திரையில் பார்த்த எண் ஒன்று, ரேஸ் முடிந்து வருவது வேறொன்று. பிரிட்டிஷ் பெட்டிங் கடைகளில் இப்போது ஃபோர்காஸ்ட், ட்ரைகாஸ்ட் பெரும்பாலும் குடம் இல்லாமலே நடக்கிறது. நாய்களின் தொடக்க விலையை வைத்து ஒரு கம்ப்யூட்டர் சூத்திரம் டிவிடெண்டைச் சொல்லும். அங்கே டேகன்ஹாம் வேலை செய்யாது. ஆனால் சூத்திரத்துக்குள் கடைக்காரரின் லாபம் எவ்வளவு என்று வெளியே இருப்பவர் சும்மா பார்த்துச் சொல்லிவிட முடியாது.

'எனக்கு நாய் தெரியும்'

நியாயமாக எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். விவரமான ஆட்டக்காரர்கள் சொல்லும் வாதம் இது: ஒரே ரேஸில் மூன்று விஷயத்தைச் சரியாகச் சொல்கிறேன், பிடித்தம் ஒரு தடவைதான். அதையே மூன்று தனித்தனி 'வின்' பந்தயமாகத் தொடர்ந்து கட்டினால் 15 சதவீதம் மூன்று முறை போகும், மொத்தம் 38 சதவீதத்துக்கு மேல். அப்படிப் பார்த்தால் டிரைஃபெக்டாதானே மலிவு?

கணக்கு சரி. ஆனால் அதற்கு மூன்று விஷயத்தைப் பற்றியும் உங்களுக்குக் கருத்து இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதல் நாயைப் பற்றித்தான் கருத்து இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் சட்டைக் கலர், பெயர், ராசி நம்பர். கருத்து இல்லாத இடத்துக்கும் சேர்த்துப் பிடித்தம் கட்டுவது மலிவு ஆகாது.

அதோடு, கிரேஹவுண்டில் மூன்றாம் இடம் என்பது பெரும்பாலும் முதல் வளைவில் தீர்மானமாகிறது. ஜாக்கி கிடையாது. கடிவாளம் கிடையாது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் எட்டு நாய்கள் ஒரே பொம்மையைத் துரத்தி ஒரே வளைவுக்குள் நுழைகின்றன. உள்பக்கம் ஒட்டி ஓடும் நாய் எது, வெளியே விலகி ஓடும் நாய் எது, எது எந்தக் கூண்டில் என்று படிப்பவர்களுக்கு ஓரளவு பிடிபடும். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று இடறினால் பின்னால் வருவது இரண்டும் சரியும். அந்த நொடியில் உங்கள் மூன்று மாத ஆராய்ச்சி காலி.

(ஊருக்கு ஊர் கலரும் வேறு. ஆஸ்திரேலியாவில் கறுப்பு-வெள்ளைக் கோடு போட்டது இரண்டாம் நம்பர், பிரிட்டனில் அது ஆறாம் நம்பர். சிட்னியில் இருந்து லண்டனுக்கு மாறுபவர்கள் கவனிக்கவும்.)

ஆப்களில் வரும் 'விர்ச்சுவல்' நாய் ரேஸைப் பற்றி ஒரு வரி: அங்கே நாயே இல்லை. ரேண்டம் நம்பர் போடும் ஒரு புரோகிராமுக்குத்தான் கிராஃபிக்ஸில் வால் வரைந்திருக்கிறார்கள். அதற்கு 'ஃபார்ம்' பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிப்புதான் வரும்.

அந்த வளைவில் விழுவது

நாம் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வளைவில் கால் உடைவது நாய்க்கு. பந்தயப் பணத்தில் இருந்து எடுக்கும் பிடித்தத்தில்தான் பரிசுப் பணமும் அரசின் வரியும் வருகின்றன. பரிசு இருப்பதால்தான் தேவைக்கு மேல் குட்டிகளை உற்பத்தி செய்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் முன்னாள் நீதிபதி மைக்கேல் மக்ஹ்யூ தலைமையிலான விசாரணை 2016-ல் சொன்ன எண்: 12 வருடங்களில் 48,000-ல் இருந்து 68,000 வரையிலான கிரேஹவுண்டுகள், வேகம் போதவில்லை என்று கொல்லப்பட்டிருக்கலாம். அந்த ஜூலையில் மாநில அரசு தடையை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரிலேயே பின்வாங்கியது. நம் அரசியல்வாதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

மற்ற இடங்களில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி 2018-ல் தடை செய்தது. அதே வருடம் ஃப்ளோரிடா மக்கள் வாக்களித்து, 2020-ன் முடிவோடு அங்கே நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் நியூசிலாந்து, 2026-க்குள் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2025-ல் வேல்ஸும், டாஸ்மேனியாவும் இதே முடிவைச் சொல்லியிருக்கின்றன. ஜூலியஸின் மெஷின் முதலில் ஓடிய நாட்டில், அது எண்ணுவதற்கு இனி நாய்கள் இருக்காது.

மீதி இடங்களில் ரேஸ் நடக்கத்தான் போகிறது. தடை வரும்வரை குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம். சினிமா டிக்கெட்டில் ஜிஎஸ்டி எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் செலவு விகிதத்தைச் சொல்லாமல் விற்க முடியாது. பந்தய டிக்கெட்டில் மட்டும் பிடித்தம் ஏன் இல்லை? 'பொறுப்போடு விளையாடுங்கள்' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக மூன்று எண்களைப் போடட்டும். எத்தனை டிக்கெட் வாங்கினீர்கள், அதில் எத்தனை கட்டாயம் தோற்கும், உங்கள் பணத்தில் முன்கூட்டியே எவ்வளவு போய்விட்டது. இதைக் கணக்கிட ஆப்புக்கு ஒரு நொடிகூட ஆகாது, அந்த எண்கள் எல்லாம் ஏற்கெனவே அதன் சர்வரில் இருக்கின்றன.

என் நண்பனின் திரையில் '25%' என்று ஓரமாக இருந்த இடத்தில் இப்படி இருந்திருக்கும்: '24 டிக்கெட், ஒவ்வொன்றிலும் கால் பங்கு. 23 கட்டாயம் தோற்கும். பிடித்தம் 1 டாலர் 20 சென்ட்.' அதைப் பார்த்த பிறகும் அவன் தட்டியிருப்பானா என்று கேட்டேன். "முதல் ரேஸுக்குத் தட்டியிருப்பேன்டா" என்றான். "பதினொண்ணாவதுக்குச் சந்தேகம்தான்."